காற்றுப் புகாத கோழிக்கூடு

விமானம் ஏறப் புறப்பட்ட காலையில் எர்மினா கணவரிடம் இரண்டே விஷயம்தான் சொன்னாள். அடுப்பு அணையக் கூடாது. ஏழு கோழிகளும் ஏழாகவே இருக்க வேண்டும்.

"ஆறாப் போச்சுன்னா?" என்று கேட்டார் ஒசியேல், பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டே.

"ஆறாப் போச்சுன்னா நான் மக வீட்டுலயே இருந்துக்கறேன். நீ அந்த ஆறோட குடித்தனம் நடத்து."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் வண்டி கிளம்பும்வரை அவள் பார்வை கொல்லையில் இருந்த கோழிக்கூட்டின் மீதே இருந்தது. புவேர்த்தோ மோன்ட்டில் மகள் யாஸ்னாவுக்குத் தலைப்பிரசவம். பத்து நாளில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

இருபத்தெட்டு வருடங்களாக எர்மினா கோழி வளர்க்கலாம் என்று கேட்டுவந்தாள். இருபத்தெட்டு வருடங்களாக ஒசியேல் வேண்டாம் என்று சொல்லிவந்தார். நாற்றம் வரும், நரி வரும், குளிரில் விறைத்துச் சாகும், அதைப் பார்த்து நீ அழுவாய் என்பார். முதல் இரண்டும் வாய்க்கு வந்த காரணங்கள். கடைசி இரண்டும்தான் உண்மை. கல்யாணமான புதிதில் அவள் வளர்த்த ஓர் ஆட்டுக்குட்டி பனியில் செத்துப்போனது. அவள் அழக்கூட இல்லை. ஒரு வாரம் வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் நடமாடினாள். அந்த ஒரு வாரம் ஒசியேலுக்கு இன்றுவரை மறக்கவில்லை.

இந்த ஜனவரியில், பூமியின் தென்கோடியான அந்த ஊரின் நல்ல கோடையில், அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கோயைக்கே சந்தைக்குப் போனவள் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாள். உள்ளே ஏழு இளம் பெட்டைகள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இருபத்தெட்டு வருஷமா கேட்டேனே. இன்னும் எத்தனை தடவை கேக்கறது?"

ஒசியேல் பலகை அறுக்கப் போனார்.

அவர் தச்சர். மாயின் லார்கோ கிராமத்தில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. அந்தப் பள்ளத்தாக்கில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று வருடத்தில் பத்து மாதம் ஓயாது. வீடு கட்டுகிறவனை ஊர் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் எடைபோடும்: காற்று உள்ளே வருகிறதா, இல்லையா. ஒசியேல் சாவியை ஒப்படைக்கும் நாளில் வெறும் அறையின் நடுவே ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைப்பார். வெளியே மரம் வளைந்து கூத்தாடிக்கொண்டிருக்கும். உள்ளே சுடர் அசையாது நிற்கும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மேஸ்திரி என்றுதான் அழைப்பார்கள்.

கோழிக்கூட்டையும் அவர் அப்படித்தான் கட்டினார். ஆள் குனிந்து நுழையும் உயரம். இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் தெர்மாகோல். மூலை முடுக்கெல்லாம் சிலிகான் பசை. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. கிழக்கே இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஜன்னல். முடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவத்தி ஏற்றினார். சுடர் நெட்டுக்குத்தாக நின்றது. இனி எந்தக் குளிரும் இவளை அந்த ஒரு வார மௌனத்துக்குள் தள்ள முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் உல்தாவின் கொட்டகை. முப்பது கோழிகள் வைத்திருந்தாள். பழைய பலகையும் துருப்பிடித்த தகரமுமாய், கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு அது நின்றது. ஒசியேல் தன் கூட்டைக் கட்டி முடித்த அன்று, நாலு பேர் பார்க்க வேலியோரம் நின்று, "உல்தாக்கா, உன் கொட்டகைக்குள்ள துணி காயப்போடலாம், அரைமணியில காஞ்சிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உல்தாவும் சிரித்தாள். "ஆமா மேஸ்திரி, காஞ்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரலில் முட்டை வர ஆரம்பித்தது. நீலமும் பச்சையும் கலந்த ஓடு. முதல் நாலு முட்டைகளை எர்மினா ஒரு கிண்ணத்தில் அடுக்கி ஜன்னலோரம் வைத்தாள். மூன்று நாள் அவற்றைத் தொடவிடவில்லை. கோழிகளுக்குப் பெயர் வைத்தாள். கறுப்பு நிறத்தது விதவை. வெள்ளை நிறத்தது நர்ஸ். பெரிய சிவப்புக் கொண்டை வைத்தவள் ராணி. மே மாதம் பகல் சுருங்கச் சுருங்க முட்டைகளும் குறைந்தன. ஜூனில் அடியோடு நின்றன. "ஓய்வெடுக்கறாளுங்க, எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் எர்மினா. அப்புறம்தான் மகளிடமிருந்து தொலைபேசி வந்தது.

அவள் போன ஐந்தாம் நாள் காற்று நின்றுவிட்டது. காற்று நின்றால்தான் அங்கே கடுங்குளிர் இறங்கும். தெளிந்த வானத்தின் கீழே, முன்பே விழுந்த பனியோடு ஊரே உறைந்து கண்ணாடிபோல் கிடந்தது. வாசல் வெப்பமானி மைனஸ் ஒன்பது காட்டியது.

காலையில் கூட்டைத் திறந்த ஒசியேல் ஜன்னலின் உட்புறத்தில் தண்ணீர் வழிவதைப் பார்த்தார். கோழிகள் குறுக்குக் கட்டையின் மேல் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குளிர்கிறது பாவம் என்று நினைத்தார். எல்லா வீட்டிலும்போல அவர் வீட்டு விறகடுப்பின் மேலும் ஒரு கெட்டில் இருபத்துநாலு மணி நேரமும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அறைக்குள் அந்த ஆவி பரவினால்தான் வீடு வீடாக இருக்கும் என்று வளர்ந்தவர் அவர். அன்று மாலை ஒரு பெரிய பானையில் கொதிக்கும் நீரை மூடாமல் எடுத்துவந்து கூட்டின் மூலையில் வைத்தார். மேலே கம்பிவலை போட்டார், எதுவும் விழுந்துவிடக் கூடாதே என்று. உள்ளே வெதுவெதுப்பாக ஆவி சுழன்றது. கதவை இறுக்கிச் சாத்திவிட்டுத் திருப்தியாகப் போய்ப் படுத்தார்.

மறுநாள் கூரையின் உட்புறம் வெள்ளை முடி முளைத்ததுபோல் பனி பூத்திருந்தது. ஒசியேல் அன்று மாலை இரண்டு பானை வைத்தார்.

எட்டாம் நாள் ராணியின் கொண்டையில் நுனிகள் சாம்பல் நிறமாகியிருந்தன. ஒன்பதாம் நாள் அவை கறுத்துவிட்டன. நர்ஸ் கட்டையிலிருந்து இறங்கவேயில்லை. இறகுகளைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய விசில் சத்தம் எழுப்பியது. தரையில் போட்ட மரச்சீவல் மிதித்தால் சொதசொதத்தது. ஒசியேலின் கண் எரிந்தது. புகை இல்லாத இடத்தில் கண் ஏன் எரிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

தினமும் மாலை எர்மினா கூப்பிடுவாள்.

"பேத்தி எப்படியிருக்கா?"

"நாலு நாள் தாமதமா வந்தாலும் நாலு நாளுக்கும் சேத்துக் கத்தறா. அவ கெடக்கட்டும், என் பொண்ணுங்க எப்படியிருக்காங்க?"

"நல்லாருக்காங்க."

"ராணி?"

"ராணிக்கென்ன, ராணி மாதிரி இருக்கா."

"ஒரு போட்டோ அனுப்பு."

"இங்க சிக்னல் சரியில்ல."

"பேசறதுக்கு இருக்கு, போட்டோவுக்கு இல்லையா? அனுப்புய்யா."

ஒசியேல் தொலைபேசியைத் துழாவினார். மே மாதம் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. ஏழும் கூட்டின் முன்னால் வரிசையாக நின்று தானியம் கொத்திக்கொண்டிருந்தன. அனுப்பினார். வெகுநேரம் பதில் இல்லை. அப்புறம் குரல்செய்தி ஒன்று வந்தது. எர்மினாவின் குரல் ரொம்ப சாந்தமாக இருந்தது. அவள் அப்படிப் பேசினால் ஆபத்து.

"ஒசியேல். டிவியில அங்க முழங்கால் அளவு பனின்னு காட்டறான். என் கோழிங்க பச்சைப் புல்லுல நிக்கறாளுங்க. எனக்கு என்ன நடக்குதுன்னு சொல்லு."

அவர் அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். கறுத்த கொண்டை, விசில் மூச்சு, ஜன்னலில் வழியும் தண்ணீர், பானை, எல்லாம். மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை மட்டும் எங்கோ அழுதது. அந்த மௌனம் அவருக்குத் தெரிந்த மௌனம். முப்பது வருடம் பழையது.

"எர்மினா? இருக்கியா?"

"இருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "உல்தாகிட்ட கேளு" என்றாள்.

"வேற யார்கிட்டயாவது..."

"வேற யாரும் முப்பது கோழி வெச்சுக் காலந்தள்ளல. உன் மூக்கு அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். என் நர்ஸ் சாகக் கூடாது."

மறுநாள் மதியம் அவர் போய் நின்றபோது உல்தா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஒசியேல் முதலில் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசினார். பிறகு விறகைப் பற்றி. பிறகு பேத்தி பிறந்ததைப் பற்றி. உல்தா கோடரியை மரத்தில் கொத்தி நிறுத்தினாள்.

"மேஸ்திரி, வாழ்த்துக்கள். இப்ப கோழிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு."

"எப்படித் தெரியும்?"

"உன் மொகத்தைப் பாத்தா துணி காயாம ஈரமாவே கெடக்கற மாதிரி இருக்கு. வா, போலாம்."

கூட்டுக் கதவைத் திறந்ததும் உல்தா ஓர் அடி பின்வாங்கினாள். கம்பளிக் கழுத்துத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். கூரையில் பூத்த பனியைச் சுரண்டிப் பார்த்தாள். ஒரு கைப்பிடி மரச்சீவலை எடுத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. மூலையில் இருந்த பானைகளின் மேல் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன, சூப்பா?"

"சூடு வரட்டும்னு வெச்சேன்."

"மேஸ்திரி, கோழி மூச்சு விடும், தெரியும்ல? ஏழு கோழி ராத்திரி பூரா மூச்சு விடுது. எச்சம் போடுது. அதுவே போதும் ஈரத்துக்கு. ஈரமும் கண்ணை எரிக்கற எச்ச நெடியும் போற வழியை நீ சிலிகான் வெச்சு அடைச்சுட்டே. பத்தாததுக்கு ஆவி வேற பிடிக்கறே." அவள் குரலில் கேலி குறைந்து போயிருந்தது. "குளிர் இதுங்களை ஒண்ணும் பண்ணாது. ஒடம்பு பூரா இறகுப் போர்வை. ஈரம்தான் கொல்லும். ஈரக் கொண்டைதான் விறைக்கும். உன் வீட்டுக்குள்ள புகைபோக்கி வெச்சுத்தானே கட்டறே? இதுங்களுக்கு ஏன் வைக்கல?"

ஒசியேல் கூரையை அண்ணாந்து பார்த்தார். நாற்பது வீட்டுக்குப் புகைபோக்கி வைத்தவர் அவர். கோழிக்கூட்டில் அடுப்பு கிடையாது, அதனால் புகைபோக்கி வேண்டாம் என்று நினைத்திருந்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"அறு."

"எங்க?"

"மேல. கூரைக்குக் கீழ, ரெண்டு பக்கமும், இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். கை அகலம். கோழி உக்காந்தா அது தலைக்கு மேல போகணும் காத்து, மேல படக் கூடாது."

"இன்னிக்கு மைனஸ் பதினஞ்சு வரைக்கும் போகும்ங்கறாங்க. இன்னிக்குப் போயி சுவத்தை அறுக்கச் சொல்றியே அக்கா!"

"என் முப்பதும் வெளில பனியில கொத்திட்டுத் திரியுது. போய் எண்ணிட்டு வா, ஒண்ணு கொறைஞ்சாலும் அறுக்க வேண்டாம்."

ஒசியேல் எண்ணப் போகவில்லை. உபகரணப் பெட்டியைக் கொண்டுவந்தார். பென்சிலால் கோடு போட்டார். அளந்தார். மறுபடி அளந்தார். மட்டம் வைத்துப் பார்த்தார். ரம்பத்தைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். அவர் இதுவரை கட்டி முடித்த எதையும் அறுத்ததில்லை. அந்தச் சுவரில் ஓர் ஆணி கூடக் கோணலாக இல்லை. இதை அறுத்து, இன்றைக்குக் குளிர் இறங்கி, நாளைக் காலை ஏழும் கட்டையிலேயே விறைத்துக் கிடந்தால் எர்மினாவிடம் என்ன சொல்வது? உல்தா சொன்னாள் என்றா?

"கல்யாண மோதிரத்துக்கா அளவு எடுக்கறே?" என்றாள் உல்தா. "வெளிச்சம் போகுது. அறு மேஸ்திரி."

அறுத்தார். முதல் பலகை பிளந்து, தெர்மாகோல் வெள்ளைத் துகளாய்ப் பனியோடு பனியாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து தேங்கிக் கிடந்த மூச்சு வெள்ளையாய், அடர்த்தியாய் வெளியே பீறிட்டு வந்தது. அந்தக் கூட்டுக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உல்தா அதற்குள் மண்வாரியை எடுத்து ஈரச் சீவலை வெளியே தள்ள ஆரம்பித்திருந்தாள். பட்டறையில் மூட்டை மூட்டையாகக் காய்ந்த சீவல் கிடந்தது. நாலு மூட்டை கொண்டுவந்து கொட்டினார்கள். வெட்டிய இடத்தில் கம்பிவலை அடித்தார்கள். ராணியின் கொண்டைக்கு உல்தா பன்றிக் கொழுப்பு தடவினாள்.

"கறுத்ததைத் தேய்க்காதே, பிய்க்காதே. அதுவா காஞ்சு விழும். சாயங்காலம் தண்ணிப் பாத்திரத்தையும் வெளில எடுத்துடு. காலையில வெதுவெதுன்னு குடு, போதும்."

"நர்ஸ் பொழைக்குமா?"

உல்தா வெள்ளைக் கோழியைத் தூக்கிக் காதோடு வைத்துக் கேட்டாள். "தெரியல. நாளைக்குக் கீழ எறங்கினா பொழைச்சுது" என்றாள்.

பொழுது விடிவதற்குள் அவர் எத்தனை முறை எழுந்து ஜன்னலருகே போனார் என்பதற்குக் கணக்கில்லை. எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வந்தது. வாசல் வெப்பமானி மைனஸ் பதினாறில் நின்றது. பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, லேசைக் கட்டாமலே, கொல்லைக்குப் போனார். கூட்டுக்கு முன்னால் நின்றார். உள்ளே சத்தமில்லை.

கதவைத் திறந்தார்.

முதலில் தெரிந்தது வாசனை. காய்ந்த மரத்தின் வாசனை, அவருடைய பட்டறையின் வாசனை. கண் எரியவில்லை. சுரண்டியெடுத்த கூரையில் புதிதாகப் பனி பூக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி காய்ந்து தெளிவாக இருந்தது. கால் வைத்ததும் சீவல் சரசரத்தது. கட்டையின் மேல் விதவை ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்து, இவ்வளவு காலையில் உனக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல் ஒரு குரல் கொடுத்தது. ராணி குதித்து இறங்கினாள். அவள் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவை. ஐந்து. ஆறு.

கட்டையின் கோடியில் நர்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தது. அது கழுத்தை நீட்டியது. ஒரு காலைத் தூக்கியது, வைத்தது. பிறகு அவசரமே இல்லாமல், கனத்த ஒரு பெண்மணி பேருந்திலிருந்து இறங்குவதுபோல், தொப்பென்று தரையில் இறங்கி, நேராகத் தானியத் தொட்டிக்கு நடந்தது.

ஒசியேல் அங்கேயே சீவலின் மேல் உட்கார்ந்துவிட்டார். விதவை அவருடைய பூட்ஸ் லேசைப் புழு என்று நினைத்துக் கொத்தி இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் தொலைபேசியை எடுத்தார். தன் குரலும் நர்ஸின் கொத்தலும் கேட்கும்படி ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பினார். பனியும் தெரியும்படி கதவைத் திறந்தே வைத்திருந்தார். பதிலாக எர்மினாவிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: "மறுபடி." அவர் இன்னொன்று எடுத்து அனுப்பினார்.

எர்மினா ஆறு நாள் கழித்து வந்தாள். விமானம் பனியால் இரண்டு நாள் தாமதமாகி, நிலையத்திலிருந்து வரும் சாலையில் பனி அள்ளும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து, சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினாள். ஒசியேல் அடுப்பில் விறகு நிறையப் போட்டு, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையைத் தயாராக வைத்திருந்தார். பூரிபோன்ற சொப்பைப்பியாவைப் பொரித்து, துணி போட்டு மூடியிருந்தார். அவள் அவர் கன்னத்தில் அவசரமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கைப்பையை அவர் கையில் திணித்துவிட்டு, வீட்டுக்குள் போகாமல் சுவரைச் சுற்றிக் கொல்லைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கூட்டின் முன்னால் நின்று அவள் அறுத்த இடத்தைப் பார்த்தாள். சுவரின் நெற்றியில் நீளமாக ஒரு கீறல், பின்னால் கம்பிவலை. கையால் தடவினாள்.

"நீயே அறுத்தியா?"

"ஆமா."

"கோணலா இருக்கு."

"இருட்டிடுச்சு. உல்தாக்கா விரட்டிட்டே இருந்தா."

அவள் குனிந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒசியேல் வெளியே நின்றார். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி, ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாக. ராணியிடம் வரும்போது, "அடிப் பாவி, யாரு உனக்கு முடி வெட்டினது?" என்று கேட்டாள். கறுத்த நுனிகள் மூன்றும் உதிர்ந்திருந்தன. நர்ஸிடம் வந்ததும் குரல் தாழ்ந்துவிட்டது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தாள், அது மட்டும் தெரிந்தது. சுவரின் மேல் கீறலிலிருந்து அவள் மூச்சும் ஏழு கோழிகளின் மூச்சும் சேர்ந்து மெல்லிய வெண்புகையாக வெளியே வந்து, கூரைமேல் கரைந்தது.

ஒசியேலுக்குக் கால் விரல்கள் மரத்துப்போயின. பையைக் கை மாற்றிக்கொண்டார். துணிக்கடியில் சொப்பைப்பியா ஆறிப்போகும். வெளியே வா என்று கூப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கூப்பிடவில்லை. அவள் பேசிக்கொண்டே இருக்கட்டும் என்று நின்றார்.